படிவத்தில் எழுதிய அப்பா பெயர்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? மாத்திரையை மறக்காமல் போடுகிறீர்களா?

வரி அலுவலகத்திலிருந்து உங்களுக்குக் கடிதம் வந்தால் பயப்படாதீர்கள். தப்பு என்னுடையது. நான் இங்கே மாதச் சம்பள ஆள் இல்லை, தைத்த துணிக்குக் கூலி வாங்குபவள். அப்படி யார் யாருக்குக் கூலி கொடுத்தோம் என்று கம்பெனி வரி அலுவலகத்துக்கு எழுதிக் கொடுக்க வேண்டுமாம். சேர்ந்த அன்று படிவத்தில் பெயரும் வரி எண்ணும் கேட்டிருந்தார்கள். எனக்கு ஏது எண்? கேட்கவும் கூச்சம். பள்ளிக்கூடப் படிவங்களில் அப்பா பெயர் எழுதிய பழக்கத்தில் உங்கள் பெயரை எழுதி, பையில் இருந்த உங்கள் வரி அட்டை நகலைப் பார்த்து எண்ணையும் எழுதிவிட்டேன்.

நேற்று கணக்கு பார்க்கும் அக்கா கூப்பிட்டார்.

"ஏம்மா, இங்க கவுன் தைக்கிறது நீயா, உங்கப்பாவா?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"மாசக் கடைசிக்குள்ள உன் பேர்ல எண் வாங்கிக் குடு, மாத்திடறேன். இல்லேன்னா அவர் சம்பாதிச்சதாப் போயிடும். அவர்தான் பதில் சொல்லணும்."

அதற்கு என் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். பீரோவில் இருக்கிறது. மடங்காமல் உங்கள் கோடு போட்ட பழைய சட்டையில் சுற்றி அனுப்புங்கள். சட்டையைத் துவைக்க வேண்டாம். அது இங்கேயே இருக்கட்டும்.

மெஷின் சத்தம் தொடங்கிவிட்டது, வருகிறேன்.

உங்கள் மகள்