அப்பாவின் ஜன்னலுக்குத் தெரியும் விளக்கு

தங்கச்சி,

அசந்து தூங்குகிறாய். எழுப்ப மனமில்லாமல் எழுதிவைத்துவிட்டு வேலைக்குப் போகிறேன். சாப்பாடு அடுப்பின் மேல் மூடியிருக்கிறது. என் மேல் உள்ள கோபத்தைச் சோற்றின் மேல் காட்டாதே.

நேற்று நீ மாடியிலிருந்து பறக்கவிட்ட காகித விளக்கு தையற்கடைக்காரரின் தார்ப்பாயில் விழுந்து ஓட்டை போட்டது. அவர் வாசலில் நின்று கத்தியதும், எதற்காக விட்டாய் என்றுகூடக் கேட்காமல் உன்னைத் திட்டித் தீர்த்துவிட்டு எதிரே உள்ள ஆஸ்பத்திரிக்குப் போனேன். இத்தனை நாளும் சுவரைப் பார்த்தே படுத்திருந்த அப்பா, ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார்.

"நம்ம மாடியிலேர்ந்து ஒரு விளக்கு பறந்துச்சும்மா. சின்னவ எனக்குன்னுதான் விட்டிருப்பா" என்றார்.

ஆனாலும் இனிமேல் நெருப்பு வைத்துப் பறக்கவிடாதே. காற்று அதை எங்கே கொண்டுபோய்ப் போடும் என்று யாருக்கும் தெரியாது. ஆஸ்பத்திரிக் கூரையில் விழுந்தால் என்ன ஆவது? நீ செய்து வைத்திருந்த இன்னொரு விளக்கில் மெழுகுப் பஞ்சை எடுத்துவிட்டு, கம்பி வளையத்தில் சின்ன பேட்டரி பல்பைக் கட்டியிருக்கிறேன். தாள் மெல்லியது, பார்த்துத் தூக்கு. இருட்டியதும் மாடியில் துணி காயப்போடும் கொடிக்கம்பத்தின் உச்சியில் கட்டிவிடு.

அக்கா

தையற்கடைக்காரரிடம் நான் பேசிவிட்டேன். நீயும் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுவிடு.

வேலை முடிந்ததும் நேரே அப்பாவிடம்தான் போவேன். விளக்கைப் போட்டதும் ஃபோன் பண்ணு, அவரிடம் கொடுக்கிறேன். அவர் பேசி முடித்ததும் வைத்துவிடாதே. என்னிடமும் பேசு.