வீட்டு வைஃபையின் பேர்

சீனிக்குட்டி மகனே,

உனக்கு உம்மாவின் ஸலாம். மவுத்தாகி மண்ணுக்குள் போய்விட்ட பிள்ளையிடம் எப்படிச் சுகம் கேட்பதென்று எனக்குத் தெரியவில்லை. குவைத்தில் நான் சுகம்.

நான் வேலை செய்யும் வீட்டு மேடம் கழித்துவிட்ட பழைய வைஃபை றவுட்டருக்கு, என்னோடு அறையில் இருக்கும் காரைதீவுச் சுகந்தி புது மென்பொருள் போட்டாள்.

“ஆரோ எழுதி உலகத்துக்கே சும்மா குடுத்தது, ராத்தா.”

“சும்மாவா?”

“ஓம். வைஃபைக்கு என்ன பேர் வைப்பம்?”

மருதமுனை வீட்டு வைஃபைக்கு நீ வைத்த பேரையும் பாஸ்வேர்டையும் சொன்னேன். உடனே என் மடியில் கிடந்த போன் தானாகவே இணைந்தது.

“வீட்ட வந்திட்டனெண்டு நினைக்குது!” என்று சுகந்தி சிரித்தாள்.

சுப்ஹானல்லாஹ்! கடல் கடந்தும் நீ வைத்த பேரை அது மறக்கவில்லை.

உன் போனும் அணைந்துபோகாமல் சார்ஜ் போட்டு வைக்கும்படி உன் தங்கச்சி றிப்னாவிடம் சொல்லியிருக்கிறேன். மேடம் கூப்பிடுகிறா, நிறுத்துகிறேன்.

மறுமையில் நான் வந்து நின்றால், நீயும் என்னை இப்படி உடனே அடையாளம் கண்டுகொள்வாயா, மகனே?