கப்பாஸின் மஞ்சள் காது

அன்பு மகள் புனிதாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே பெம்பானில் நானும் அப்பாவும் கை கால் சுகத்தோடு இருக்கிறோம், நீயும் அந்த அயர்லாந்துக் குளிரில் அப்படியே இருக்க மாரியம்மன் துணையிருக்கட்டும். வீட்டில் எல்லாரும் சுகம் என்று மட்டும் எழுத முடியவில்லை, அதற்காகத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்ல வந்தால் அழுதுவிடுவேன், அப்புறம் நீ வேலையில் கை தடுமாறுவாய். சாலிஹா அக்கா மகன் ரஷீத் லீவு முடிந்து உன் ஊருக்கே திரும்புகிறான், முறுக்கோடு இதையும் அவனிடம் கொடுத்து விடுகிறேன். நின்றுகொண்டு படிக்காதே, உட்கார்ந்து படி.

நம் கப்பாஸுக்குப் புற்றுநோய். பஞ்சு மாதிரி இருக்கிறாள் என்று நீ மலாயில் பேர் வைத்துத் தூக்கி வந்த பூனை, இப்போது அவளுக்கும் வயதாகிவிட்டது அல்லவா. வயிற்றைத் தடவிக் கொடுக்கும்போது காம்புக்குப் பக்கத்தில் பட்டாணி போல் ஒரு கட்டி தட்டுப்பட்டது, உண்ணி என்று நினைத்துக் கிள்ளக்கூடப் பார்த்தேன். அது வளர்ந்ததும் மலாக்காவுக்குக் கொண்டுபோனோம். அந்தச் சீனப் பெண் டாக்டர் அழுத்திப் பார்த்ததுமே புற்றாகத்தான் இருக்கும், ஒரு பக்கம் முழுவதும் எடுத்துவிட வேண்டும் என்றார். உன் அப்பாவைப் பற்றித்தான் தெரியுமே, "மனுசனுக்கே ஆஸ்பத்திரில கியூ நிக்க வேண்டியிருக்கு, பூனைக்கு என்னா ஆப்பரேசன் லா" என்று காடியை ஓட்டிக்கொண்டே வழியெல்லாம் முணுமுணுத்தார். ஆனால் அறுத்த அன்று தான் வேலை செய்யும் குருபோங் கம்பெனியில் லீவு போட்டுவிட்டு, ஒரு கோப்பை தே குடிக்கக்கூட எழுந்து போகாமல் கிளினிக் வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். முன்னங்காலிலிருந்து பின்னங்கால் வரை தையல் புனிதா. முடியை வழித்த அந்த இளஞ்சிவப்புத் தோலைப் பார்த்ததும் என் சேலைத் தலைப்பால் அவளை மூடிவிட்டேன்.

வீட்டுக்குக் கொண்டுவந்து உன் அறையில்தான் போட்டிருக்கிறேன். நக்கிவிடாமல் இருக்கக் கழுத்தில் புனல் மாதிரி ஒரு பிளாஸ்டிக் மாட்டிவிட்டார்கள், அதோடு அவள் சுவரில் இடித்து இடித்து நடப்பதைப் பார்க்க மனசு கேட்கவில்லை. கெம்போங் மீனை வேகவைத்து முள் எடுத்து விரலில் வைத்து நீட்டினால் இரண்டு வாய் நக்குகிறாள், அவ்வளவுதான். தூங்கும்போது மூச்சு ஓடுகிறதா என்று மூக்கில் கை வைத்துப் பார்க்கிறேன். ஒரு பூனைக்கு இப்படிப் பயப்படுவேன் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

வரும்போதே டாக்டர் எச்சரித்து அனுப்பினார், காதின் உள்பக்கம், ஈறு எங்காவது மஞ்சளாகத் தெரிந்தால் உடனே கொண்டு வாருங்கள், ஈரலுக்குப் பரவியிருக்கலாம் என்று. போன வாரம் பாசாருக்குக் காய்கறி வாங்கப் போய்வந்து மருந்து கொடுக்கப் போகிறேன், இரண்டு காதுக்குள்ளும் மஞ்சள். அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன், அவர் முகமும் வெளுத்துப் போய்விட்டது. அவளைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு மலாக்காவுக்கு ஓடினோம். டாக்டர் ஈரப் பஞ்சால் காதைத் துடைத்தார், பஞ்சு மஞ்சளாகிவிட்டது. முகர்ந்து பார்த்துவிட்டு, "இது குன்யிட் லா ஆன்ட்டி, சமைக்கிற மஞ்சள்" என்றார். நான் திரும்பிப் பார்த்தேன், உன் அப்பா தலையைக் குனிந்துகொண்டார். பக்கத்து வீட்டுக் குஞ்சம்மாவிடம் கேட்டு வாங்கிய அம்மன் கோயில் மஞ்சள் தண்ணீராம், தையலில் படக்கூடாது, வெள்ளை முடியில் தடவினால் நான் பார்த்துக் கேலி செய்வேன் என்று காதுக்குள் தடவியிருக்கிறார். ஏன் வீட்டிலேயே சொல்லவில்லை என்று சண்டை பிடித்தேன். "நான் ஒரு சொட்டுதான் தடவுனேன், இவ்ளோ மஞ்சளா இருக்கவும் நெஜமாவே வந்திருச்சோன்னு பயந்துட்டேன்" என்றார். அதற்குமேல் எங்கே திட்டுவது, அவளைத் தூக்கி அவர் கையில் கொடுத்தேன்.

நல்லவேளை என்று நினைக்காதே. கறை போக நாளாகும், அதுவரை காதை நம்பாதீர்கள், ஈறைப் பாருங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். தினமும் நான் வாயைத் திறக்கிறேன், அவள் கடிக்கிறாள், என் கையெல்லாம் கீறல். அறுத்து எடுத்ததைச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள், அடுத்த வெள்ளிக்கிழமை தெரியும். பரவியிருந்தால் அடுத்த பக்கத்தையும் அறுக்க வேண்டுமாம், அறுத்தாலும் உறுதி சொல்ல முடியாதாம். அப்பா இனிமேல் அவள்மேல் கத்தி வைக்க விடமாட்டேன் என்கிறார். எனக்கு அறுக்கவும் பயம், விடவும் பயம். மகளைக் கேட்டுச் சொல்கிறேன் என்று டாக்டரிடம் சொல்லிவிட்டு வந்தேன். நீதான் சொல்ல வேண்டும் கண்ணு. நான் சொல்லி அவள் செத்துப் போனால் எனக்குத் தாங்காது. உன் தலையில் இதைக் கட்டுகிறேன் என்று தெரியும், இருந்தாலும் வேறு யாரிடம் கேட்பேன்.

நேரத்துக்குப் பசியாறு, ஈரத் தலையோடு வெளியே போகாதே. நீ நீண்ட ஆயுளோடும் குறையில்லாத மனசோடும் இருக்க வேண்டும். வெள்ளிக்கிழமைக்கு முன்னால் போன் செய். அப்பா எடுத்தால் ஒன்றும் தெரியாதது போல் பேசு, உன்னிடம் அழுதுவிடுவோமோ என்று அவருக்கும் பயம்.

உன் பதிலுக்காகப் போனைக் கையிலேயே வைத்திருக்கும்
அம்மா தேவமலர்