வண்டி வரும்வரை வாயைத் திறக்காதே

நவம்பர் 4, செவ்வாய்

விடியலிலிருந்தே சாரல். எதிரே இருக்கும் பலாமரம்கூடத் தெரியாத பனி. துவைத்த யூனிஃபார்ம் காயவில்லை, ஈரத்தோடு போட்டுக்கொண்டு டியூட்டி.

புது ஃபோன் வந்துவிட்டது. இனிமேல் பி.பி., நாடி, ஜுரம், ஆக்சிஜன் எதையும் எழுத வேண்டாம், தட்ட வேண்டாம். வாயால் சொன்னால் அந்தந்தப் பெயருக்கு நேரே தானே போய் உட்கார்ந்துகொள்ளும். கற்றுக்கொடுக்க வந்தவர் ஒடுகத்தூரிலிருந்து பஸ்ஸில் வளைவுக்கு வளைவு வாந்தி எடுத்தபடி வந்து சேர்ந்தார், பாவம். சுக்குக் காப்பி கொடுத்துத் தெளிய வைத்தோம்.

உண்மையைச் சொன்னால் எனக்குச் சந்தோஷம்தான். இத்தனை நாள் நோட்டில் ஒரு தடவை, சாயந்திரம் கரண்ட் இருந்தால் கம்ப்யூட்டரில் ஒரு தடவை. கழுத்து போய்விட்டது. இன்று கர்ப்பிணிகள் வரும் நாள், நல்ல கூட்டம். அப்படியும் வெளிச்சம் இருக்கும்போதே குவார்ட்டர்சுக்கு வந்து ரசம் வைத்துச் சாப்பிட்டேன்.

ஒரே ஒரு தொல்லை. நாம் சொன்னதை அது திருப்பிப் படிக்கிறது. செய்தி வாசிக்கிற மாதிரி ஒரு பெண் குரல். "இரத்த அழுத்தம் நூற்றுப் பத்து, எழுபது. சேமிக்கலாமா?" வார்டு முழுக்கக் கேட்கிறது. ஆயா கனகா அதற்குக் கும்பிடு போட்டாள். படுத்திருந்தவர்களுக்கெல்லாம் சிரிப்பு. ஒரு கிழவி கேட்டாள்:

"இன்னா நர்சம்மா, உனுக்கு ஒத்தாசைக்கு ஆள் போட்டுட்டாங்களா? சம்பளம் இன்னா அந்தப் பொண்ணுக்கு?"

வாங்க வேண்டியது: கொசுவத்தி, டார்ச்சுக்கு செல், தேங்காய் எண்ணெய்.

வீட்டுக்காரர் போன் செய்தார். ஒடுகத்தூரிலும் மழையாம், காயப்போட்ட வேர்க்கடலை நனைந்துவிட்டதாம். என்னிடம் சொல்லி என்ன? மலை மேலிருந்து நான் தார்ப்பாய் போர்த்தவா?

நவம்பர் 5, புதன்

மழை. மனசு சரியில்லை. நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

காலையில் ரோஜா என்று ஒரு பெண். முதல் பிள்ளை, எட்டாம் மாசம். புருஷன் கர்நாடகாவில் மிளகுத் தோட்டத்து வேலை. மாமியார் வெள்ளச்சி கூட வந்திருந்தாள். கால் வீங்கி விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. முகமும் வீக்கம். தலைவலி என்றாள். பார்த்த உடனே எனக்குத் தெரிந்துவிட்டது.

இங்கே எங்களுக்கு ஒரு வழி உண்டு. நான் இந்த ஆஸ்பத்திரிக்கு வருவதற்கு முன்னாலிருந்தே இருக்கிறது. பிள்ளைத்தாய்ச்சிக்கு பி.பி. ஏறியிருந்தால் வாயைத் திறப்பதில்லை. "ஒன்னும் இல்லம்மா, படுத்துக்க" என்று ஊசி, மாத்திரை. கூட வந்தவர்களுக்கு டீ. டாக்டர் உள்ளே போய் ஆம்புலன்சுக்குப் போன் செய்வார். வண்டி வாசலில் வந்து நின்ற பிறகுதான் "கீழே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகணும்" என்று சொல்வது. ஏற்றிவிடுவது. முன்கூட்டிச் சொன்னால் ஓடிவிடுவார்கள். கீழே போனால் வயிற்றைக் கிழித்துவிடுவார்கள், பிணமாகத்தான் மேலே வரும் என்று அவ்வளவு பயம்.

இன்று கையில் பி.பி. பட்டையைக் கட்டினேன், பார்த்தேன், பழகின கையாக ஃபோனில் சொன்னேன். யோசிக்கவே இல்லை. அது உரக்கப் படித்தது: "இரத்த அழுத்தம் நூற்று அறுபது, நூற்று நான்கு. மிக அதிகம். சேமிக்கலாமா?"

வார்டு முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

பக்கத்துக் கட்டில்காரி சொன்னாள், "நூத்தி நாப்பதுக்கு மேல போனா வண்டி வரும். நேத்து பார்த்தேனே." ஒரே நாளில் கற்றுக்கொண்டிருக்கிறார்கள். நான் நர்சிங் பள்ளியில் இதற்கு எத்தனை அடி வாங்கினேன்.

"ஒன்னும் இல்ல ரோஜா, படுத்துக்க" என்று சொல்லிவிட்டு டாக்டரைக் கூப்பிடவும் ஊசி எடுக்கவும் உள்ளே போனேன். திரும்பி வந்தால் கட்டில் காலி. போர்வையை நான்காக மடித்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். வாசலில் வெள்ளச்சிக்குக் கொடுத்த டீ குடிக்காமல் அப்படியே.

கேட் வரை ஓடினேன். மழையில் ஒன்றும் தெரியவில்லை.

நவம்பர் 6, வியாழன்

ரோஜா கொடுத்த நம்பர் அடிக்கவே இல்லை. அவர்கள் ஊரில் டவர் கிடையாது. புருஷன் நம்பர், "தொடர்பு எல்லைக்கு வெளியே". தெரிந்தவர்கள் இரண்டு பேரிடம் சொல்லி அனுப்பினேன். பதில் இல்லை.

டாக்டர் சின்னப் பையன், நல்லவர். ஆனால் இன்று கத்திவிட்டார். "சிஸ்டர், கொஞ்சம் பார்த்துப் பேசியிருக்கலாம் இல்ல?" நான் எங்கே சார் பேசினேன், அதுதானே பேசியது என்றேன். சொன்ன பிறகு எனக்கே வெட்கமாக இருந்தது.

படிப்பதை நிறுத்த முடியுமா என்று பயிற்சிக்காரருக்குப் போன். முடியாதாம். தப்பாகப் பதிந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் திருப்பிப் படிக்கிறதாம், பாதுகாப்புக்காம். நன்றி என்று வைத்துவிட்டேன்.

சரி, பட்டையை அவிழ்த்துவிட்டு வராண்டாவுக்குப் போய், சுவரைப் பார்த்து நின்று, முந்தானையால் ஃபோனை மூடிக்கொண்டு ரகசியமாகச் சொல்லிப் பார்த்தேன். பேய்க்குப் பயந்து பிசாசிடம் போன கதை. ஜுரத்துக்கு வந்திருந்த ஒரு பெரியவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"இன்னாத்துக்கு தனியா போய் சொல்ற? நான் பொழைக்க மாட்டனா?"

அவருக்கு எல்லாம் சரியாகத்தான் இருந்தது. நம்பவில்லை. மகனைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

ரோஜா நினைப்பாகவே இருக்கிறது. வலிப்பு வந்தால் வீட்டில் என்ன செய்வார்கள், கையில் சாவியைக் கொடுப்பார்கள். எனக்குப் பயமாக இருக்கிறது. வேறு என்ன எழுத.

சோறு பொங்கவில்லை. பிஸ்கட்.

நவம்பர் 7, வெள்ளி

மழை விட்டது. டாக்டரிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். அவரால் ஆஸ்பத்திரியை விட்டு வர முடியாது, ஒரே டாக்டர். பையில்: பி.பி. கருவி, வலிப்பு வராமலிருக்க மெக்னீசியம் ஊசி, மாத்திரை, கையுறை. ஃபோனும்.

ஓடை வரை ஜீப். அதற்கு மேல் நடை. சேறு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டேன். வழியெல்லாம் சாமை அறுத்துப் போட்டிருக்கிறார்கள், மழைக்குப் பாதி கறுத்துவிட்டது. யாரைக் கேட்டாலும் "அந்த வூடா? தெரியாதுங்க" என்றார்கள். மூன்றாவது ஆள் பொய் சொல்லும்போது ஒரு வீட்டையே பார்த்துக்கொண்டு சொன்னான். அங்கே போனேன்.

வெள்ளச்சி வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள். கையில் முறம்.

"வண்டி எங்க நிக்குது?"

"வண்டி இல்லம்மா. நான் மட்டும்தான் வந்தேன்."

"டீ கொண்டாந்தியா?"

எனக்குப் புரியவில்லை. பிறகு சொன்னாள். கத்தவில்லை, அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

"எம் பொண்ணையும் இப்படித்தான் இட்டுனு போனீங்க. ஒன்னும் இல்ல, படுத்துக்கன்னீங்க. எனுக்கு டீ குடுத்தீங்க. நான் குடிச்சி முடிக்கல, வண்டி வந்து நிக்குது. எதுக்குப் போறோம்னு எனுக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது. பாதி வழியில 'எம்மா, எனுக்கு இன்னா?'ன்னு கேட்டா. இன்னான்னு சொல்வேன் நானு? அதான் அவ பேசின கடைசிப் பேச்சு."

அது நான் இங்கே வருவதற்கு முன்பு நடந்தது. அதைச் சொல்ல வாய் வரை வந்தது, சொல்லவில்லை. நான் கொடுப்பதும் அதே டீதான்.

உள்ளேயிருந்து ரோஜா, "அத்த, வுடு. வரட்டும்."

பாயில் உட்கார்ந்திருந்தாள். கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்தாள். பட்டையைக் கட்டும்போது என் முகத்தையே பார்த்தாள்.

"அக்கா, அன்னிக்கு அந்த போனுகிட்ட சொன்ன. பக்கத்துக் கட்டிலுக்குக் கேட்டுது. எங்க அத்தைக்குக் கேட்டுது. எனுக்கு மட்டும் ஒன்னும் இல்லன்ன. ஒன்னும் இல்லன்னா எதுக்குக்கா எனுக்கு எல்லாம் ரெண்டு ரெண்டா தெரியுது?"

இரண்டு நாளாக அந்த ஃபோனைத் திட்டித் தீர்த்துக்கொண்டிருக்கிறேன். அது பாட்டுக்கு இருந்ததை இருந்தபடி சொன்னது. பொய் சொன்னவள் நான்.

ஃபோனை எடுக்கவில்லை. எடுத்தாலும் டவர் இல்லை. முள் ஆடி நின்றதும் அவளிடமே சொன்னேன்.

"நூத்தி எழுபத்தி ரெண்டு, நூத்திப் பத்து. உனக்கு நூத்தி இருபது, எண்பது இருக்கணும். இப்படியே இருந்தா வலிப்பு வரும் ரோஜா. வந்தா நீயும் இருக்க மாட்ட, புள்ளையும் இருக்காது. இப்ப ஊசி போடறேன், நிறைய வலிக்கும். அப்புறம் கீழ போகணும். ஆபரேஷன் பண்ணி புள்ளைய எடுக்கத்தான் பார்ப்பாங்க. புள்ளை சின்னதா இருக்கும்."

வெள்ளச்சி கேட்டாள், "கீழ போனா பொழைச்சிப்பாளா?"

"தெரியாதும்மா. இங்க இருந்தா பொழைக்க மாட்டா. அது தெரியும்."

வேலைக்கு வந்ததிலிருந்து நோயாளி வீட்டாரிடம் தெரியாது என்று சொன்னது இதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். வெள்ளச்சி முறத்தைக் கீழே வைத்தாள்.

ரோஜாதான் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "அத்த, பொடவ எடுத்து வையி."

ஊசி போட்டேன். சாமை மூட்டை ஏற்றும் டெம்போ ஒன்று ஊருக்குள் இருந்தது. மூட்டையை இறக்கிவிட்டு வைக்கோல் பரப்பினார்கள். வீடு தெரியாது என்று என்னிடம் பொய் சொன்ன அதே ஆள்தான் ஓட்டினான். வழியில் டவர் வந்ததும் டாக்டருக்குப் போன் செய்தேன். ஆம்புலன்ஸ் எதிரே வந்து ஏற்றிக்கொண்டது.

நானும் கூடவே போனேன். வளைவுகளில் ரோஜாவை இடது பக்கமாகச் சாய்த்துப் பிடித்துக்கொண்டேன். ஒவ்வொரு முறை பட்டை கட்டும்போதும், "இப்ப எவ்ளோக்கா?" சொன்னேன். வெள்ளச்சி வாய்க்குள் அதைத் திருப்பிச் சொல்லிக்கொண்டே வந்தாள்.

நவம்பர் 8, சனி

பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் முடிந்தது. பெண் குழந்தை. ஒன்றரைக் கிலோதான். குழந்தையைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள். ரோஜாவுக்கு இன்னும் பி.பி. இறங்கவில்லை, ஆனால் வலிப்பு வரவில்லை.

காலை பஸ்ஸில் திரும்பினேன். உட்கார இடம் கிடைத்தது. நிறுத்தம் தாண்டித் தூங்கிவிட்டேன், கண்டக்டர் எழுப்பினார்.

டாக்டர் "சூப்பர் சிஸ்டர்" என்றார். எனக்கு ஒன்றும் சூப்பராக இல்லை. உடம்பு வலி. வெள்ளச்சியின் மகள் பெயரைக் கேட்காமல் வந்துவிட்டேன்.

நவம்பர் 10, திங்கள்

வெயில்.

இன்றிலிருந்து முதலில் அவர்களிடம், பிறகு ஃபோனிடம். டாக்டரும் சரி என்றார், அரை மனசாக. ஒருத்திக்கு நூற்று நாற்பத்தாறு. உட்கார வைத்து, கையைப் பிடித்துக்கொண்டு, எல்லாம் விளக்கிச் சொன்னேன். தலையாட்டினாள். பாத்ரூம் போய்வருகிறேன் என்று போனாள். வரவே இல்லை. கனகா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. "இன்னா சிஸ்டர், பழைய மாதிரியே இருந்துட்டுப் போலாமே."

நாளைக்கு அந்தப் பெண்ணின் ஊருக்கும் நடக்க வேண்டும்.

சாப்பிட உட்கார்ந்தபோது வெள்ளச்சி போன். யாரிடமோ வாங்கிப் பேசினாள்.

"நர்சம்மா, ரோஜாவுக்கு நூத்தி முப்பத்தெட்டு, எண்பத்தாறு. நானே கேட்டு வாங்கினேன். இங்க இருக்கறவ சொல்ல மாட்டேன்னா, நான் வுடல. எறங்கியிருக்குது இல்ல?"

"நல்லா இறங்கியிருக்கும்மா." எனக்கு அழுகை வந்துவிட்டது.

"கஞ்சி குடிச்சா. எம் புள்ள வந்துட்டான் கர்நாடகாலேர்ந்து." பிறகு, "கொழந்தைக்கு எவ்ளோன்னு கேட்டா மட்டும் எவளும் சொல்ல மாட்டேங்குறா. 'ஒன்னும் இல்லம்மா, போய் உக்காரு'ன்றா. ஒருத்தி டீ குடிக்கக் காசு குடுத்தா. நீ சொல்லு. இன்னா அர்த்தம் அதுக்கு?"

எனக்கு அர்த்தம் தெரியும். அவளுக்கும் தெரியும். கேட்டுவிட்டுக் கூப்பிடுகிறேன் என்று வைத்தேன்.

அந்த வார்டில் என்னோடு படித்தவள் ஒருத்தி இருக்கிறாள். கேட்டேன். ஆக்சிஜன் எழுபதுக்கு வந்துவிட்டதாம். குழாய் போட்டும் ஏறவில்லையாம். "வீட்டுக்காரங்ககிட்ட இப்ப ஒன்னும் சொல்லிடாதடி, கலாட்டா பண்ணுவாங்க, சாயந்திரம் டாக்டர் பார்த்துப்பார்" என்றாள்.

தட்டில் சோறு அப்படியே. இதை எழுதிக்கொண்டிருப்பதுகூட அந்தப் போனைத் தள்ளிப்போடத்தான். வெள்ளச்சி அங்கே அந்தப் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு நிற்பாள்.

போதும். கூப்பிடுகிறேன்.