வேலூர்தான் வியன்னா

பெட்டியைத் திறந்ததும் பாச்சை உருண்டை நெடி. உன் கம்பளிக் கோட்டு. உன் காரியம் முடிந்த அன்று உன் அம்மா என் கையில் திணித்தது. இந்தக் காவலூர் மலையில் இப்போது மார்கழிக் குளிர். போட்டுக்கொள்ளலாம். பிடிக்கவில்லை.

நம் பயணத் திட்டத்தில் மூன்று நாடுகள். இரண்டு நாள் நகரம், இரண்டு நாள் மலை, மறுபடி நகரம். கல்லூரி விடுதி அறைத் தரையில் வரைபடத்தை விரித்து, ரோமிலிருந்து ஆல்ப்ஸுக்கு ஸ்கேல் வைத்துக் கோடு போடுவாய். "காடு மட்டும்னா அலுப்பு, ஊரு மட்டும்னா மூச்சு முட்டும்டா" என்பாய். நான் நம்பினேன். உன்னோடு வருவதற்காக, வங்கியில் கிடைத்த வேலையை வேண்டாமென்று எழுதிப் போட்டேன்.

பிறகு ஒத்திகை என்றாய். ஜவ்வாது மலை ஆல்ப்ஸாம். கீழே இறங்கினால் வேலூர், அது வியன்னாவாம். கொளுத்தும் சித்திரையில் இந்தக் கம்பளிக் கோட்டை மாட்டிக்கொண்டு மலைமேல் நெல்லிவாசல் கிராமத்துக்கு நடந்தாய். வழியில் ஒரு வீட்டில் தண்ணீர் கேட்டோம். புளி தட்டிக்கொண்டிருந்த அந்த வீட்டு அம்மா நிமிர்ந்து பார்த்தாள்.

"இன்னாங்க, இந்த வெயில்ல கோட்டு?"

"குளிருக்குப் பழகறேன்."

"வெயில்ல நின்னுக்கினா?"

நீ ஆல்ப்ஸ் கதையை விளக்கினாய்.

"அப்ப நாங்க இன்னா, வெள்ளக்காரங்களா?" அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

இருவருக்கும் சாமைச் சோறு வைத்தாள். நீ தொடவில்லை. அங்கே இது கிடைக்காதாம். பையிலிருந்து காய்ந்த பன்னை எடுத்துக் கடித்தாய். அவள் முகம் மாறியதை நீ பார்க்கவில்லை. ஆல்ப்ஸுக்கு ஏது முகம்?

நான் கை கழுவி வந்தபோது கோட்டைக் கழற்றி மடித்துக்கொண்டே கேட்டாய்.

"நெசமாவே போவணுமாடா?"

"பின்ன?"

"அப்பாகிட்ட நான் பணம் கேக்கவே இல்ல. திட்டம் போட்டதே போய்ட்டு வந்த மாதிரி இருக்குதுடா. போதும்."

வருத்தமாகச் சொல்லியிருந்தால்கூட மன்னித்திருப்பேன். நிறைவாகச் சொன்னாய். விருந்து முடித்தவன் போல.

மறு வருடம் காமாலை. எழவு வீட்டில், "உலகம் சுத்த ஆசப்பட்ட புள்ள" என்று அழுதார்கள். எனக்கு அழுகை வரவில்லை. செத்துப்போனால் இல்லாத ஆசை வந்துவிடுமா?

நான் இன்னும் எங்கும் போகவில்லை. இந்த மலைப் பள்ளியில் பூகோளம் நடத்துகிறேன். ஐரோப்பா பாடம் வரும்போதெல்லாம் யாராவது ஒரு பெண் எழுந்து கேட்பாள்: "சார், நீங்க அங்க போயிருக்கீங்களா?"

இல்லை என்கிறேன். ஒவ்வொரு முறையும் வலிக்கிறது. வலிக்கட்டும். போகாதது உனக்கு ஒருநாளும் வலித்ததில்லை.