கட்டிலில் நான் ஜப்பான் கிழவி

ஜூலை 9, புதன்

வகுப்பில் நான் சொன்ன பதில் இன்னும் உறுத்துகிறது. ஜனத்தொகை குறையும் நாட்டுக்குப் பொருளாதார வளர்ச்சி எதற்கு என்று மிஸ் கேட்டார். ஆள் குறைந்தால் ஆளுக்குப் பங்கு கூடும், வளர்ச்சியே வேண்டாம் என்று முந்திக்கொண்டு சொன்னேன். அந்தப் பங்கை யார் உண்டாக்குவார்கள் என்றார். உட்கார்ந்துவிட்டேன்.

சாயங்காலம் அக்கா தூக்கிப் பழகுவதற்காக வழக்கம்போல் ஜப்பான் கிழவியாகக் கட்டிலில் படுத்தேன். நாளை அவளுக்கு முதியோர் பராமரிப்புத் தேர்வு. தேறினால் ஜப்பானில் வேலை.

"அங்கயும் நீ தனியாத்தான் தூக்கணுமா?"

"அங்க ஆளே இல்லடி. தூக்கற மிஷின் இருந்தா ஒருத்தியே தூக்கிடலாம். அதை வாங்க முடியாத ஊர்ல கிழவி காத்துக்கினு கிடக்க வேண்டியதுதான்."

கண்ணை மூடினேன். பனி விழும் ஊர். பிள்ளைகள் இல்லாமல் பூட்டிய பள்ளிக்கூடம். ஜன்னலோரம் ஒரு கிழவி. இருக்கும் சில கைகளே நிறைய வேலை செய்ய முடிந்தால்தான் அவள் எழுந்து உட்காருவாள். வளர்ச்சி அதற்குத்தான். நாளை மிஸ்ஸிடம் சொல்ல வேண்டும். ஆனால் அந்தக் கைகளில் இரண்டு எங்கள் வீட்டுக் கைகள்...

வேண்டுமென்றே உடம்பைக் கனமாக்கிக்கொண்டேன்.

"ஏய், என்ன கல்லு மாதிரி படுத்துக்கினு இருக்கற? என்னை ஃபெயில் ஆக்கப் பாக்கறியா?"

மறுபடி தூக்கினாள். இந்த முறை உடம்பைக் கனமாக்கவில்லை. கழுத்தைக் கட்டிக்கொண்டு எழுந்துவிட்டேன். வெளியே பனி பெய்வதுபோல் இருந்தது. எங்கள் ஜோகுபாளையத்தில் வெறும் தூறல்தான்.

வலிக்கிறதா என்று ஜப்பான் மொழியில் கேட்டாள். அவள் கற்றுத்தந்தபடியே, இல்லை என்றேன்.