அலமாரிக்கு விட்ட இடம்

தலைச்சேரி,
வியாழக்கிழமை, அஸர் தொழுகைக்குப் பின்.

அன்பு மகன் ஸகரியாவுக்கு உம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். படைத்தவன் கருணையால் இங்கே எல்லோரும் சுகம், உப்பாவுக்கு மட்டும் மழைக்காற்று அடித்தால் முழங்கால் வலி கூடுகிறது, மற்றபடி பசியும் தூக்கமும் குறைவில்லை. உனக்காக ஐந்து வேளையும் துஆ செய்கிறேன். தோஹாவில் சூடு ஏறிவிட்டது என்று செய்தியில் சொன்னார்கள், வெயிலில் நிற்கும் நாளில் தலைக்கு ஈரத்துணி போட்டுக்கொள்.

ஞாயிற்றுக்கிழமை புதிய மனையில் மூலைக்கு மூலை மரக்குத்தி அடித்துக் கோடு போட்டபோது உனக்குப் போனில் பாதிதான் தெரிந்திருக்கும், ஆகவே அங்கே இருந்தவர்களை வரிசையாக எழுதுகிறேன். உப்பா, நான், உன் தங்கைகள் ரஹீனாவும் ஷாஹிதாவும், ரஹீனாவின் மாப்பிள்ளை நௌஃபல், ஷாஹிதாவின் மாப்பிள்ளை இர்ஷாத், என் தம்பி குஞ்ஞிமூசா, கணாரன் மேஸ்திரி, அவருடைய ஆட்கள் இரண்டு பேர், பள்ளிவாசலிலிருந்து வந்து ஃபாத்திஹா ஓதிவிட்டு உடனே திரும்பிய உஸ்தாத். பிள்ளைகள் மதரஸாவுக்குப் போயிருந்தார்கள். ஆக மொத்தம் பதினொரு பேர். உன்னைச் சேர்த்தால் பன்னிரண்டு, ஆனால் நீ நௌஃபலின் போனுக்குள் இருந்தாய். உன்னை எங்கே சேர்ப்பது என்பதைப் பற்றித்தான் இந்தக் கடிதம் முழுவதும். இதை ஏன் போனில் சொல்லவில்லை என்று கேட்பாய். போனில் நீ சிரித்து மழுப்பிவிடுவாய், நானும் உன் முகத்தைப் பார்த்ததும் சொல்ல வந்ததை மறந்து சோறு தின்றாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவேன். கிழக்கு வீட்டு ரவூஃப் சனிக்கிழமை அங்கே வருகிறான், அவன் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

பெரிய வீட்டைப் பாகம் வைத்து என் பங்குக்கு ஒன்பது சென்ட் வந்த நாள் முதல் நான் கட்டம் போட்ட நோட்டில் இந்த வீட்டை வரைந்து கொண்டிருக்கிறேன் என்பது உனக்குத் தெரியும். ஒரு கட்டம் ஓர் அடி. கட்டில் எத்தனை கட்டம், கதவு திறந்தால் எத்தனை கட்டம், அம்மிக்கல்லுக்கு முன்னால் ஓர் ஆள் குனிந்து நிற்க எத்தனை கட்டம், எல்லாம் அளந்துதான் போட்டேன். இஞ்சினீயர் பையன் அதைப் பார்த்துக் கணினியில் வரைந்து கொண்டுவந்தபோது மூன்று குளியலறையிலும் கக்கூஸை மேற்கு பார்த்து வைத்திருந்தான். மேற்கே இருக்கிற கிப்லாவுக்கு முகம் காட்டியும் உட்காரக் கூடாது, முதுகு காட்டியும் கூடாது, வடக்கு தெற்காகத் திருப்பு மோனே என்றேன். “இதுவரைக்கும் எந்த வீட்டுலயும் யாரும் இதச் சொன்னதில்லையே, ஆசியாத்தா” என்றான். “சொல்லாதவங்க பின்னால உடைச்சு மாத்தியிருப்பாங்க, போய்க் கேட்டுப் பாரு” என்றேன். உப்பா விழுந்து விழுந்து சிரித்தார். என் கண்ணுக்கு ஒன்றும் தப்பாது என்று எனக்கும் கொஞ்சம் பெருமைதான். அந்தப் பெருமையைப் படைத்தவன் ஞாயிற்றுக்கிழமை வாங்கிக்கொண்டான்.

சுண்ணாம்புக் கோடு போட்டு முடிந்ததும் நௌஃபல் பக்கத்து மாடியிலிருந்து ஒரு படம் எடுக்கிறேன், எல்லோரும் அவரவர் அறையில் நில்லுங்கள் என்றான். ரஹீனா தனக்கும் நௌஃபலுக்கும் போட்ட தெற்கு மணியறையில் நின்றாள். ஷாஹிதாவின் மணியறை மாடியில் வருவதால் அவளும் இர்ஷாதும் ஏணிப்படி வரும் இடத்தில் நின்றார்கள். உப்பாவும் நானும் எங்கள் அறையில். குஞ்ஞிமூசா சாப்பாட்டு அறைக் கோட்டுக்குள் போய் நின்றுகொண்டு, “எனக்கு இங்கதான் வேலை, அரிசிப் பத்திரி எங்கே?” என்று கேட்டான். நௌஃபல் தன் இன்னொரு போனில் படம் எடுப்பதற்காக நீ இருந்த போனை ஷாஹிதாவிடம் கொடுத்துவிட்டு மாடிக்குப் போனான். அவள் அதைக் கையில் வைத்துக்கொண்டு, “உம்மா, ஸகரியா காக்கா எங்க நிக்கிறது?” என்று கேட்டாள். அவள் ஒரு சுற்று பார்த்துவிட்டு, கோட்டுக்கு வெளியே செம்புரைக்கல் அடுக்கியிருந்ததே, அதன்மேல் உன்னைச் சாய்த்து வைத்தாள். நீ சிரித்தாய். “இங்கதான் நல்ல காத்து, நான் இங்கயே இருந்துக்கிறேன்” என்றாய். எல்லோரும் சிரித்தார்கள். படம் எடுத்து முடித்து நௌஃபல் இறங்கி வருவதற்குள் நீ போனை வைத்துவிட்டாய், வேலை வந்துவிட்டது என்று பிறகு எழுதியிருந்தாய். வெள்ளிக்கிழமை விடுமுறை என்றால் ஞாயிற்றுக்கிழமை வேலை இருக்கும்தான், அதை நான் மறுக்கவில்லை.

வீட்டுக்கு வந்து அந்த நோட்டை எடுத்து ஒவ்வோர் அறையாக விரல் வைத்துப் பார்த்தேன். தொழுகை அறைக்குப் பக்கத்தில் கிணற்றடிக்குப் போகும் நடையில், நாலுக்கு இரண்டு என்று ஒரு கட்டம் போட்டு, ‘ஸகரியாவின் அலமாரி’ என்று என் கையாலேயே எழுதியிருக்கிறேன். மகனே, உன் அலமாரிக்கு இடம் விட்டேன், உனக்கு விடவில்லை. மறந்துபோய்விட்டேன் என்று கூடச் சொல்ல முடியாது. நம் கூட்டத்தில் வீடு போடுகிறவள் மகள்களை எண்ணுவாள், மகன் கல்யாணம் முடித்துப் போய்ச் சேருகிற பெண் வீட்டில் அவனுக்கு அறை இருக்கும். என் உம்மா அப்படித்தான் எண்ணினாள், நானும் அப்படித்தான் எண்ணினேன். உன் மனைவி ஸஃபூராவை அல்லாஹ் அழைத்துக்கொண்டு மூன்று வருடம் ஆயிற்று, மாஹியில் அவள் வீட்டில் உங்கள் மணியறைக்கு வேறு வர்ணம் அடித்து அவள் தங்கைக்கும் அவள் மாப்பிள்ளைக்கும் கொடுத்தார்கள், உன்னைக் கேட்டுத்தான் கொடுத்தார்கள், அவர்கள் இடத்தில் நான் இருந்தாலும் அதையே செய்திருப்பேன். அலமாரியும் இரண்டு பெட்டியும் ஆட்டோவில் இங்கே வந்து இறங்கின. அலமாரி எங்கே வைப்பது என்று அன்றைக்கு யோசித்த நான், அலமாரிக்காரன் எங்கே போவான் என்று யோசிக்கவில்லையே.

பிறகு அரிசி நோட்டை எடுத்தேன். தினமும் எத்தனை பேர் சாப்பிட்டார்கள், காலைப் பத்திரிக்கு எத்தனை பேர் படுத்து எழுந்தார்கள் என்று நான் எழுதிவைப்பதைப் பார்த்து நீங்கள் மூன்று பேரும் கேலி செய்வீர்களே, அந்த நோட்டுதான். நீ போன தடவை நாற்பது நாள் லீவில் வந்தாய். இருபத்துமூன்று இரவு இருந்தாய். அதில் பதினான்கு முன் ஹாலில் பாய் விரித்து, ரஹீனாவின் மாமியார் வீட்டார் வந்து தங்கியபோது நாலு குஞ்ஞிமூசாவின் வீட்டில், மீதி ஐந்து கோழிக்கோட்டில் ஏதோ கூட்டாளியோடு. காலையில் மாப்பிள்ளைமார் சாயா குடிக்க வருவதற்கு முன்னால் எழுந்து பாயைச் சுருட்டி அலமாரிக்குப் பின்னால் வைப்பாய், பையன் எவ்வளவு ஒழுங்கு என்று நினைத்தேன். உன் மகள் நைலா மோளை மாஹியிலிருந்து கூட்டிவந்தாலும் அந்தியில் கொண்டுபோய் விட்டுவிடுவாய், ராத்தங்க வைத்ததில்லை. இருபத்துமூன்றாம் நாள், “கம்பெனியிலிருந்து கூப்பிட்டுட்டாங்க உம்மா” என்றாய், நானும் நம்பி அவசரமாக நேந்திரங்காய் வறுத்துக் கொடுத்தேன். இப்போது நம்பவில்லை. பொய் சொன்னாய் என்று கோபிக்கவும் இல்லை. எந்த மூலையில் இருந்து அந்தப் பொய்யைச் சொன்னாய் என்று தெரிகிறது, அவ்வளவுதான்.

மறுநாள் சுபுஹுத் தொழுகைக்குப் பின் உப்பாவிடம் சொன்னேன். அவர் தஸ்பீஹ் மணியை மடக்கி வைத்தார். பிறகு, “நான் உங்க வீட்டுக்கு மாப்பிள்ளையா வந்து நாப்பத்துமூணு வருஷம். என் உம்மா மௌத்தான அன்னைக்கு ராத்திரி அந்த வீட்டுல தங்கச்சிமாரோட அறை எல்லாம் நிறைஞ்சிருந்துச்சு. நான் பள்ளிவாசல்ல போய்ப் படுத்தேன். இங்க வந்தா நீ அழுவேன்னு வரல, அப்புறமும் சொல்லல” என்றார். இத்தனை வருடம் ஒரே அறையில் இருந்தும் எனக்கு அது தெரியாது. அவருக்கு நடந்தது நடந்துவிட்டது, உனக்கு நடக்க வேண்டாம் என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

குஞ்ஞிமூசா மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. “ஆம்பளப் புள்ளைக்கு உம்மா வீட்டுல அறையா? நாளைக்குப் பொண்ணு கேக்கப் போனா, இவன் இனிமே எங்கயும் போகமாட்டான், உம்மா கட்டில் போட்டுக் கொடுத்துட்டாள்னு சொல்லமாட்டாங்களா? நீயே அவன் கதையை முடிச்சு வெக்கிற” என்றான். அவன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, எனக்கும் அந்தப் பயம் இருக்கிறது. உனக்கு இன்னொரு வாழ்வு கிடைக்க வேண்டும் என்று நான் கேட்காத நடுராத்திரித் தஹஜ்ஜுத் தொழுகை இல்லை. ஆனாலும் சொன்னேன், “கட்டில் இல்லாததால்தான் அவன் கல்யாணம் பண்ணணுமாடா? படுக்க இடம் தேடி எவள் வீட்டுக்காவது போனான்னா அது அவளுக்கும் பாவம்.” “அப்ப சொத்துல பங்கு கேட்டு நாளைக்கு...” என்று ஆரம்பித்தான். ரஹீனா குறுக்கே வந்து, “மாமா, என் அறையில ரெண்டடி வேணும்னாலும் எடுத்துக்கட்டும், நீங்க பத்திரி சாப்பிடுங்க” என்றாள். ஷாஹிதா இரண்டு நாளாக, நான்தானே காக்காவைக் கல்லுமேல வெச்சேன் என்று புலம்புகிறாள். அவளிடம் நீயே ஒரு வார்த்தை பேசு.

யாருடைய அறையிலும் எடுக்க வேண்டியதில்லை. நான் ஆசையாகப் போட்ட தொழுகை அறை ஏழுக்குப் பத்து. அதை ஒட்டிய நடை நாலடி. கிணற்றடிக்கு அடுக்களை வழியாகவே போய்க்கொள்ளலாம், நடை எதற்கு? நடுச்சுவரை எடுத்துவிட்டால் பதினொன்றுக்குப் பத்து ஓர் அறை, கிழக்கு வெளிச்சம், உன் கட்டிலும் அலமாரியும் போக நைலாவுக்கு ஒரு சின்னக் கட்டிலும் போட மிச்சம் இருக்கிறது, நான் கட்டம் எண்ணிப் பார்த்துவிட்டேன். நீ அங்கே இருக்கிற மாதங்களில் நான் அதில் முஸல்லா விரித்துத் தொழுதுகொள்கிறேன். நீ வந்தால் என் அறையில் தொழுவேன். தொழுகைக்குத் தனியறை வேண்டும் என்று எங்கும் சொல்லவில்லை, அது என் ஆசைதான். கணாரன் மேஸ்திரியிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன், அடித்த குத்தியைப் பிடுங்குவது மேஸ்திரிமாருக்கு ஆகாது என்று கேள்விப்பட்டிருக்கிறேன். “குத்தி நாலு மூலையிலயும் அப்படியே நிக்கட்டும் ஆசியாத்தா, உள்ள போட்ட கோடு சுண்ணாம்புதான, காலால தேச்சா போச்சு” என்றார். தேய்க்கவும் செய்தார். குளியலறை மட்டும் தனியாக வைக்க இடம் போதவில்லை, ஹாலில் உள்ளதைத்தான் நீ உபயோகிக்க வேண்டும், அதற்கு என்னை மன்னித்துக்கொள்.

இதைப் படித்ததும், எனக்கு எதுக்கு உம்மா, வருஷத்துல ஒரு மாசம் வர்றவனுக்கு அறையா என்று நீ எழுதுவாய். அதை எழுதாதே. அறை வேண்டுமா என்று நான் உன்னிடம் கேட்கவில்லை, அது போட்டாகிவிட்டது. ஒன்று மட்டும்தான் தீராமல் நிற்கிறது. கதவை முற்றத்துப் பக்கம் வைத்தால் நீ யாரையும் எழுப்பாமல் போகலாம் வரலாம் என்கிறான் நௌஃபல். “வெளியே கதவு வெச்சா அது விருந்தாளி அறை, உள்ளே வெச்சாத்தான் அவன் அறை” என்கிறார் உப்பா. எனக்கும் உள்ளே இருப்பதுதான் பிடித்திருக்கிறது, ஆனால் இத்தனை காலம் உன்னைக் கேட்காமலே எல்லாம் எண்ணிவிட்டேன், இதையாவது உன்னைக் கேட்டுச் செய்கிறேன்.

ரவூஃபிடம் கல்லுமக்காய் ஊறுகாய் ஒரு பாட்டில் கொடுத்திருக்கிறேன், எண்ணெய் மேலே நிற்கும்படி வை, ஈரக் கரண்டி போடாதே. வெள்ளிக்கிழமை கஹ்ஃப் சூரா ஓத மறக்காதே, ஸஃபூராவுக்கு ஒரு யாசீனும் ஓது. நைலாவின் பள்ளிக்கூட விடுமுறை எப்போது என்று மாஹிக்குப் போன் செய்து கேட்டுவை. அல்லாஹ் உன் உடம்பையும் ஈமானையும் காப்பானாக, போகிற வழியெல்லாம் உனக்கு நிழலாக்கித் தருவானாக. உப்பாவின் ஸலாம், தங்கைமாரின் ஸலாம்.

கட்டத் தாளில் உன் அறையை வரைந்து உள்ளே வைத்திருக்கிறேன், இரண்டு சுவரிலும் கதவுக்கு இடம் விட்டிருக்கிறேன். வருகிற புதனுக்கு அடுத்த புதன் கணாரன் அஸ்திவாரத்துக்கு வானம் தோண்ட வருகிறார். அதற்கு முன் கதவு எந்தப் பக்கம் என்று பதில் எழுது.

உன் உம்மா,
ஆசியா